318 உள்ளேதான் இருக்கிறார்

ஜூன் 16, திங்கள்

உரக்கடையில் ஜனவரி மாதம் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக பீரோ மேல் கிடந்து தூசி தின்றுகொண்டிருந்தது. இன்று அதற்கு யோகம் அடித்திருக்கிறது.

கணபதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை போனவர்களுக்கு இலவசப் பயிற்சி முகாம். ஜோயல் என்று ஒரு சார் வந்தார். மீசை முளைத்து நாலு வருஷம் இருக்கும். ஆனால் பேச்சு படு கெட்டி. "தினமும் எழுதுங்க. இன்னைக்கு நடந்த நல்லது ஒண்ணு, நீங்க எடுத்த முயற்சி ஒண்ணு. எதிர்மறையா ஒரு வார்த்தை எழுதக்கூடாது, எழுதினா அது உள்ளேயே தங்கிடும்" என்றார். சரி சாமி, எழுதுகிறேன்.

என் பெயர் நாச்சிமுத்து. வயது நாற்பத்தொன்பது. கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் இரண்டாவது யூனிட்டில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர் சூப்பர்வைசர். ஜூன் ஏழாம் தேதி சனிக்கிழமை யூனிட்டை மூடிவிட்டார்கள். ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ், ஒரு டிபன் கேரியர், கையெழுத்துப் போட ஒரு காகிதம். அவ்வளவுதான் கதை.

அழவில்லை. மேனேஜர் கூப்பிட்டு, "நாச்சிமுத்து, எல்லா ரூமையும் அடைச்சுட்டு வந்துருங்க, உங்கள விட்டா யாரு?" என்றார். பதினான்கு கதவு. ஒன்று விடாமல் தாழ்ப்பாள் போட்டு, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நான் அந்த மாதிரி ஆள்.

இன்றைய நல்லது: முகாமில் வடை சூடாக இருந்தது. முயற்சி: டைரி தொடங்கினேன்.

ஜூன் 17, செவ்வாய்

பயோடேட்டா அடித்தாகிவிட்டது. கடைப் பெண் டக் டக்கென்று கேள்வி கேட்டாள். பழைய கம்பெனியில் உங்களைப் பற்றி விசாரிக்க ஒரு நம்பர் வேண்டுமாம். ஆள் வருகை குறிக்கிற டைம் ஆபீஸ் நம்பரைக் கொடுத்தேன். மனப்பாடம்.

"எம்ப்ளாயீ நம்பர் சார்?"

"டோக்கன் முன்னூத்திப் பதினெட்டு."

சிரித்தாள். டோக்கன் என்றால் என்னவென்றே இவர்களுக்குத் தெரியவில்லை. எல்லா இடத்திலும் விரல் வைக்கிற மெஷின் வந்துவிட்டது. எங்கள் முதலாளிக்கு மட்டும் பித்தளை வில்லைதான் பிடிக்கும். டைம் ஆபீஸ் சுவரில் ஆணி அடித்த ஒரு பலகை. ஒரு பாதியில் 'உள்ளே', மறு பாதியில் 'வெளியே'. உள்ளே போகும்போது உன் செல்போனை உன் நம்பர் போட்ட பொந்தில் வைத்துவிட்டு, உன் வில்லையை எடுத்து உள்ளே பக்கம் மாட்ட வேண்டும். கிளம்பும்போது வெளியே பக்கம் மாட்ட வேண்டும். ஒரு வில்லை உள்ளே தொங்கினாலும் வாட்ச்மேன் கேட்டை அடைக்கக் கூடாது, ஆளைத் தேட வேண்டும். கொதிக்கிற இரும்பு ஊற்றுகிற இடமல்லவா.

நல்லது: பயோடேட்டா இரண்டே பக்கத்தில் அடங்கிவிட்டது. முயற்சி: நாலு இடத்துக்கு அனுப்பினேன்.

ஜூன் 19, வியாழன்

அரசூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் இன்டர்வியூ. ஸ்டோர் இன்சார்ஜ் வேலை. பிருந்தா என்று ஒரு மேடம்தான் ஆள் எடுப்பவர். நல்ல மாதிரி. வயதைப் பார்த்து முகம் சுளிக்காத முதல் ஆள்.

"உங்க பலம் என்ன சார்?"

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நட்டு போல்டுகூட என் கையில தொலைஞ்சதில்லீங்க மேடம். எது உள்ள இருக்குது, எது வெளிய போச்சுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

குறித்துக்கொண்டார். ஜோரான பதில் என்று பஸ்ஸில் வரும்போது எனக்கே தோன்றியது.

ஜூன் 20, வெள்ளி

நல்லது: மழை. முயற்சி: ஷூவுக்குப் பாலிஷ்.

ஜூன் 22, ஞாயிறு

சபாபதிக்கு நாலாவது தடவையாக போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். வேலை போன கடுப்பில் மனுஷனை மறந்துவிட்டான் போல. போகட்டும்.

சபாபதி பேட்டர்ன் செக்ஷன் ஆள். பேட்டர்ன் என்றால் வார்ப்புக்கு அச்செடுக்கிற மர மாதிரி. அவன் டோக்கன் 319, என் ஆணிக்குப் பக்கத்து ஆணி. பதினோரு வருஷமாக எங்களுக்குள் ஒரு வழக்கம். யார் முதலில் கிளம்பினாலும் இரண்டு வில்லையையும் சேர்த்து மாற்றிவிடுவோம். முதலில் அடுத்தவனுடையது, அப்புறம் தன்னுடையது. அது ஒரு மரியாதை. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன், லைன் வீட்டில் ஒற்றை ரூம். சொத்தைப் பல்லுக்காக எந்நேரமும் வாயில் ஒரு கிராம்பு அடக்கியிருப்பான். பேசினால் பாதிதான் புரியும். சர்க்கரை உடம்பு வேறு, மத்தியானம் சாப்பிட்டதும் பேட்டர்ன் ரூமில் சாக்கை விரித்து ஒரு தூக்கம் போட்டே ஆகவேண்டும். இடி விழுந்தாலும் எழமாட்டான்.

கடைசி நாள் பிரியாணியை இரண்டு தட்டு தின்றான் திருட்டுப்பயல். மூடினதும் உடுமலையில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவேன் என்றான். போயிருப்பான்.

நல்லது: பழைய நினைப்பு. முயற்சி: இன்று லீவு.

ஜூன் 26, வியாழன்

பிருந்தா மேடம் போன் செய்தார். குரலில் ஒரு மாதிரி தயக்கம்.

"சார், நீங்க வேலைய விட்டாச்சுன்னுதானே சொன்னீங்க?"

"யூனிட்டையே மூடிட்டாங்க மேடம்."

"நீங்க குடுத்த நம்பருக்குப் பேசினேன். ஒருத்தர் எடுத்தார். 'முன்னூத்திப் பதினெட்டுங்களா? உள்ளதானுங்க இருக்காரு, இன்னும் வெளிய வரலீங்க'ன்னார். டூட்டியில இருக்கறவரை நாங்க எப்படி சார் எடுக்கறது?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. வாட்ச்மேன் ஆறுக்குட்டியின் குசும்பாகத்தான் இருக்கும். நாளைக்குப் போய் நாலு வார்த்தை கேட்கிறேன் என்று என் சம்சாரம் கனகவல்லியிடம் சொன்னேன். அவள் ரவிக்கைக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "ஆறுக்குட்டி அண்ணன் அப்படியெல்லாம் விளையாடற ஆளு இல்லீங்களே" என்றாள்.

ஜூன் 27, வெள்ளி

போனேன். பகல் பதினொரு மணி வெயில். கேட்டுக்குள் புல் முழங்காலுக்கு வளர்ந்துவிட்டது, மூன்று வாரத்தில்.

ஆறுக்குட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நானுங்களா? டைம் ஆபீஸ் பூட்டிக் கெடக்குதுங்ண்ணா. மேனேஜர் சொல்லாம தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு. போன் லைனும் அடுத்த திங்கக்கெழமையே வந்து அறுத்துட்டுப் போயிட்டாங்க. பாருங்க."

பார்த்தேன். ஒயர் கம்பத்தில் சுருட்டிக் கட்டியிருந்தது.

ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். பலகையில் உள்ளே பக்கம் ஒரே ஒரு வில்லை. 318. அடச்சே! அன்றைக்கு ஒரு கையில் ஸ்வீட் பாக்ஸ், இடுப்பில் டிபன் கேரியர். வில்லையில் கை வைத்த நேரம் பார்த்து மேனேஜர் கையெழுத்துக்குக் கூப்பிட்டார். என்னுடையதை மாற்ற மறந்திருக்கிறேன். ஆறுக்குட்டியும் சொன்னார்: "பாத்தனுங்க. ஆனா உங்களத்தான் நானே கேட்டுல அனுப்பி வெச்சனே? மறந்துட்டாரு போலன்னு அடைச்சுட்டேன்."

பக்கத்து ஆணியைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் வெயில் அடித்தது.

கிளம்பும்போது அவர் சும்மா சொன்னார்: "தனியா உக்காந்திருக்க ஒரு மாதிரியா இருக்குதுங்ண்ணா. மூடின முதல் நாலு நாளு பொறத்தால தட்டுற மாதிரி ஒரே சத்தம். பெருச்சாளிதான். பொறவு நின்னு போச்சு. நாத்தம் எடுக்கவும் கதவோரமா பினாயில் ஊத்தி விட்டேன்."

"பெருச்சாளிதான்" என்று நானும் சொன்னேன்.

நல்லது: பிரச்சனை என்னவென்று தெரிந்துவிட்டது. வில்லையை மாற்றினால் போதும். முயற்சி: மேனேஜரிடம் அனுமதி கேட்க வேண்டும். நாளை போன் செய்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

சின்னியம்பாளையத்தில் ஒரு ஃபவுண்டரி. என் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டு டைம் ஆபீஸுக்கு அடித்தார்கள். நாலு ரிங் போனது. யாரோ எடுத்தார்கள்.

"முன்னூத்திப் பதினெட்டு உள்ளதானுங்க இருக்காரு."

கேட்டவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "யாருய்யா இது, வாயில எதையோ அடக்கிட்டுப் பேசறாரு?" என்றார்.

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மேனேஜருக்கு இன்னும் போன் செய்யவில்லை. பாவம், அவரும் புது இடத்தில் வேலையாக இருப்பார்.

ஜூலை 2, புதன்

கனகவல்லி குருமாவில் கிராம்பு போட்டிருந்தாள். சாப்பிடவில்லை. நல்லது: பசியில்லை.

ஜூலை 5, சனி

உடுமலையிலிருந்து சபாபதியின் தங்கச்சி நாகமணி போன் செய்தது. என் நம்பரை எங்கெங்கோ விசாரித்து வாங்கியிருக்கிறது.

"அண்ணா, எங்கண்ணன் இன்னும் வரலீங்களே. ரூம்லயும் இல்லீங்களாமா. ரூம் ஓனரு, ஊருக்குப் போயிட்டதா நெனச்சேங்கறாரு. அன்னைக்கு அண்ணன் கம்பெனிய விட்டு வெளிய வந்துச்சுங்களா? நீங்க பாத்தீங்களா?"

"வராம என்னம்மா? அவன் டோக்கனை வெளிய மாத்துனதே நான்தானே" என்றேன்.

"அப்பச் செரிங்கண்ணா. உங்க வாயால சொன்னதே போதும்."

"வேற ஊர்ல வேல தேடிட்டிருப்பான். தைரியமா இரும்மா. நல்லதையே நினை."

நல்லது: ஒரு பெண்ணுக்கு ஆறுதல் சொன்னேன். முயற்சி:

ஜூலை 8, செவ்வாய்

முகாமின் இரண்டாவது வகுப்பு. ஜோயல் சார் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார்.

"உங்க முன்னாடி ஒரு கதவு இருக்கு. மூடியிருக்கு. அதுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் உங்களுக்காகக் காத்துட்டிருக்கார். யாரு தெரியுமா? ஜெயிச்ச நீங்க! இப்ப அந்தக் கதவத் திறக்கப் போறது யாரு? சத்தமா சொல்லுங்க!"

அறுபது பேரும் "நான்! நான்!" என்று கத்தினார்கள். எனக்கு மட்டும் வாய் வரவில்லை. மரக் கதவை உள்ளேயிருந்து உள்ளங்கையால் தட்டுகிற சத்தம் காதில் கேட்டது. எழுந்து வந்துவிட்டேன். செருப்பை மாற்றிப் போட்டு வந்திருக்கிறேன், வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 9, புதன்

கனகவல்லி தண்ணீர் பிடிக்கப் போன நேரம் அவள் போனிலிருந்து நானே அந்த நம்பருக்கு அடித்தேன். ரிங் போனது. எடுத்தார்கள். பேச்சு இல்லை. மூச்சு மட்டும். கிராம்பு வாசம் போனில் வராது, அது எனக்கும் தெரியும். அப்புறம் மரத்தில் தட்டுகிற சத்தம், மெதுவாக, மூன்று தடவை.

வைத்துவிட்டேன்.

நல்லது: நம்பர் வேலை செய்கிறது.

ஜூலை 10, வியாழன்

"ஏனுங்க, பாத்ரூம் போனா கதவச் சாத்தவே மாட்டேங்கறீங்க. ராவெல்லாம் வேற ஒரே பொலம்பல். யாரத் தொறந்து விடோணும்?" என்று கனகவல்லி கேட்டாள். எரிந்து விழுந்தேன். அவள் போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்துகொண்டாள். தப்புதான். அவளிடம் கத்தியிருக்கக் கூடாது.

ஜூலை 12, சனி

அடித்தது அதிர்ஷ்டம்! பிருந்தா மேடம் போன் செய்தார். பார்த்த ஆட்களில் என்னைத்தான் முதலாளிக்குப் பிடித்திருக்கிறதாம். "அந்த டைம் ஆபீஸ் குழப்பத்த மட்டும் சரி பண்ணிடுங்க சார். நீங்க வெளிய வந்துட்டீங்கன்னு அங்கிருந்து ஒரு வார்த்தை வந்தா போதும். புதன்கிழமைக்குள்ள வரணும், அப்புறம் என்னால தள்ளி வைக்க முடியாது."

கனகவல்லி அழுதேவிட்டாள். "வியாழக்கெழம ஆடி பொறக்குதுங்க. புது வேலைக்கு ஆகாது. அதுக்குள்ள சேந்துருங்க. இந்த வயசுல இன்னொருத்தர் கூப்பிடுவாங்களா?" கூப்பிடமாட்டார்கள். அது எனக்குத் தெரியாதா? இருபத்தேழு இடத்துக்கு எழுதிப் போட்டு வந்தது இது ஒன்றுதான்.

மேனேஜருக்குப் போன் செய்தேன். இரண்டு நிமிஷ வேலை. "அட, இதுக்கென்ன, ஆறுக்குட்டிகிட்டச் சொல்றேன், தொறந்து மாத்திக்குங்க" என்றார். இந்த இரண்டு நிமிஷத்துக்குப் பதினைந்து நாள் ஏன் ஆனது என்று இங்கே எழுதப் போவதில்லை.

ஜூலை 15, செவ்வாய்

எழுதத்தான் வேண்டும்.

ஆறுக்குட்டி பூட்டைத் திறந்தார். உள்ளே புழுக்கம். மேஜை மேல் போன் இருந்தது, அறுத்த ஒயர் வாலாட்டிக்கொண்டு. அதன் மேல் தூசி. ரிசீவரில் மட்டும் தூசி இல்லை. ஆறுக்குட்டி அதைப் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை.

318-ஐக் கழற்றி வெளியே பக்கம் மாட்டினேன். சுவர்க் கடிகாரம் நின்றுபோயிருந்தது. என் கைக்கடிகாரத்தில் பதினொன்று நாற்பது. அவ்வளவுதான், வேலை முடிந்தது. திரும்பி நடந்தால் அரசூர், சம்பளம், கனகவல்லியின் சிரிப்பு. ஒருவரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

பக்கத்து ஆணியில், வெளியே பக்கம், 319. பளபளவென்று.

கீழே போன் வைக்கிற பொந்துகள். எல்லாம் காலி, ஒன்றைத் தவிர. 319-ல் சபாபதியின் போன், ரப்பர் பேண்ட் போட்டபடி. போனை எடுக்காமல் அவன் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டான்.

எனக்கு ஜூன் இருபத்தேழிலிருந்தே தெரியும். இந்த டைரியில் அதை மட்டும் எழுதவில்லை. பதினான்கு கதவில் பேட்டர்ன் ரூம் கதவு ஒன்பதாவது. உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, இருட்டாக இருந்தது, எனக்கு அவசரம். வெளித் தாழ்ப்பாளைப் போட்டு ஆட்டிப் பார்த்தேன். அப்புறம் டைம் ஆபீஸுக்கு வந்து, பழக்க தோஷத்தில், முதலில் அவனுடைய வில்லையை மாற்றினேன். மேனேஜர் கூப்பிட்டார். என்னுடையது நின்றுவிட்டது. உள்ளே இருந்தவனை வெளியே மாட்டிவிட்டேன், வெளியே போனவன் உள்ளே தொங்கினேன். 319 உள்ளே இருந்திருந்தால் ஆறுக்குட்டி தேடியிருப்பார். ஐந்து நிமிஷத்தில் எழுப்பியிருப்பார். அந்த நாலு நாள் தட்டியது பெருச்சாளி இல்லை.

ஐயோ சபாபதி.

319-ஐக் கழற்றி உள்ளே பக்கம் மாட்டினேன்.

ஆறுக்குட்டி பதறிப்போனார். "ஏனுங்ண்ணா, என்ன பண்றீங்க? அவர உள்ள மாட்டுனா நான் கேட்ட அடைக்க முடியாதுங்களே. ஆளத் தேடோணுமே."

"தேடுங்க ஆறுக்குட்டி."

"எங்கீங்க?"

"பேட்டர்ன் ரூம்."

அவர் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் பினாயில் ஊற்றிய கதவு அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். போட்டவன்தானே திறக்க வேண்டும். பன்னிரண்டே கால் மணி. கதவின் உள்பக்கம் பார்த்ததை எழுத மாட்டேன்.

ஜூலை 16, புதன்

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கேட்டார்: "தாழ்ப்பாள் போட்டது யாரு?"

"நான்."

ஒரு மாதத்தில் நான் யோசிக்காமல் சொன்ன ஒரே பதில் அதுதான். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள், கூப்பிடும்போது வரச்சொல்லி. கனகவல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

காலையில் பிருந்தா மேடம்.

"சார், முந்தாநாளே சொல்லியிருக்கணும், லீவுல இருந்தேன். உங்க பழைய டைம் ஆபீஸ்ல இருந்து அவங்களே கூப்பிட்டுட்டாங்க."

"எத்தனை மணிக்குங்க மேடம்?"

"இருங்க, குறிச்சு வெச்சிருக்காங்க... பதினொண்ணு நாற்பத்தொண்ணு. அதே ஆள்தானாம், ஆனா இந்தத் தடவ பேச்சு நல்லா தெளிவா இருந்துச்சாம். 'முன்னூத்திப் பதினெட்டு வெளிய போயிட்டாருங்க. முன்னூத்திப் பத்தொன்பதுதான் உள்ள. இப்பத்தானுங்க போர்டு சரியா இருக்குது'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாராம். முன்னூத்திப் பத்தொன்பது யாரு சார்?"

"என் பக்கத்து ஆணிங்க மேடம்."

"சரி, திங்கக்கிழமை வந்து சேர்ந்துக்கறீங்களா?"

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அப்புறம் மெதுவாக வைத்துவிட்டார். அவர் மேல் குற்றம் இல்லை.

இதை உடுமலை பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். சபாபதியைப் பெட்டியில் வைத்து முன்னால் வண்டியில் கொண்டுபோகிறார்கள். கூடவே வரட்டுமா என்று கேட்டேன், இடமில்லை என்றார்கள். நாகமணிக்கு விஷயத்தைப் போலீஸ் சொல்லிவிட்டது. டோக்கன் விஷயத்தை மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை. உங்க வாயால சொன்னதே போதும் என்று நம்பிய பெண். அதை என் வாயாலேயே அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்றைய நல்லது: சபாபதி வெளியே வந்துவிட்டான்.

முயற்சி: பஸ் பல்லடம் தாண்டிவிட்டது. இறங்கி ஓடவில்லை.